பிவா ஏரிக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு லூர் பெட்டி

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். அக்கா மகன் ஜப்பானில், ஷிகா மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தங்கியிருக்கும் இடத்திலிருந்து பிவா ஏரியின் தென்பகுதிக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். சின்ன வயதில் என்னோடு ஈயக் குட்டைகளிலும் (வெள்ளீயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கியவை) இங்குள்ள செண்டரோ ஏரியிலும் தோமான் என்கிற பெரிய விரால் வகை மீனைப் பிடித்துப் பழகியவன். தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்க மாட்டான். டிசம்பர் கடைசியில் போன் போட்டு, "மாமா, இங்க தண்ணி எட்டு டிகிரிதான். நம்ம ஊர்ல இழுக்குற மாதிரி இழுத்தா ஒண்ணுமே திரும்பிப் பாக்க மாட்டேங்குது. குளிருக்குன்னு ஒரு பெட்டி செஞ்சு அனுப்புங்க" என்றான். லூர் என்றால் மீனை ஏமாற்றும் செயற்கை இரை. அந்த லூர் பெட்டியை எப்படிச் செய்தேன், எதை வைத்தேன், எதை எடுத்துவிட்டேன் என்பதே இந்தப் பதிவு.

முதலில் மீனைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் 'பாஸ்' என்றால் எல்லாரும் பீகாக் பாஸைத்தான் நினைப்பார்கள். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக் குட்டைகளில் இன்று அதைத் தேடித்தான் பாதிப் பேர் போகிறார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன், திலாப்பியாவுக்கு உறவு. தண்ணீர் 16 டிகிரிக்குக் கீழே போனால் தாக்குப்பிடிக்காது. பிவாவில் இருப்பது அகன்ற வாய் பாஸ், வட அமெரிக்க மீன், குடும்பமே வேறு. ஜப்பானுக்கு 1925-ல் ஆஷினோகோ ஏரி வழியாக வந்தது. உறைபனிக்கு அடியிலும் உயிரோடு இருக்கும். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, பசியோடு இருப்பது வேறு.

பிவா சாதாரண ஏரி இல்லை. ஜப்பானின் மிகப் பெரிய ஏரி, 670 சதுர கிலோமீட்டர். வடபகுதி 100 மீட்டருக்கும் மேல் ஆழம் போகும். தென்பகுதியின் சராசரி ஆழம் 4 மீட்டர்தான். 2009 ஜூலையில் மனாபு குரிடா என்பவர் பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள பாஸைப் பிடித்தது இங்கேதான். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி 1932-ல் பிடித்த மீனுக்கு இணையான உலகச் சாதனையாக அது பதிவாகியிருக்கிறது. மருமகனுக்கு அந்த ஏரி மேல் ஏன் இத்தனை ஆசை என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

சரி, குளிரில் மீனுக்கு என்ன ஆகிறது? மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் 8 டிகிரி என்றால் உள்ளே செரிமானமும் அந்த வேகத்தில்தான் நடக்கும். ஒரு சின்ன மீனைத் தின்றால் அது கரைய நாள் கணக்கில் ஆகும். அதனால் துரத்தி ஓடிச் சக்தியைச் செலவழிக்காது. வாய்க்குப் பக்கத்தில், தப்பிக்கத் தெம்பில்லாமல் ஏதாவது நின்றால் வாயைத் திறந்து உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான். அமெரிக்கக் குளங்களில் குளிர் தாங்காமல் ஷாட் என்ற சின்ன மீன்கள் குளிர்காலத்தில் கூட்டமாகச் செத்து மிதக்கும். சாகும் முன் துள்ளும், நிற்கும், மறுபடி லேசாகத் துள்ளும், அப்புறம் நின்றே போகும். பாஸ் காத்திருப்பது அந்த நிற்கும் நேரத்துக்காக. பிவாவில் அந்த இடத்தில் இருப்பவை வகசாகி, ஆயு, மொரோகோ போன்ற மெலிந்த வெள்ளி மீன்கள்.

நம் தூண்டில் பழக்கம் இதற்கு நேர் எதிர். தோமான் குஞ்சுக் கூட்டத்தின் மேல் ஜம்ப் ஃபுராக் என்கிற தவளை லூரை வீசி வேகமாக இழுத்தால், காவல் நிற்கும் பெரிய மீன் கோபத்தில் பாய்ந்து கவ்வும். செபாரா என்கிற ஆற்று மீனுக்கு ஸ்பூனை, அதாவது கரண்டி வடிவத் தகட்டு லூரை, நிறுத்தவே கூடாது. நமக்கு லூர் என்றாலே ஓடுகிற பொருள். குளிர்த் தண்ணீருக்கு லூர் தேர்ந்தெடுப்பது என்றால், நிற்கத் தெரிந்த பொருளைத் தேர்ந்தெடுப்பது. நிறம், பிராண்டு, கண் பெரிசா சின்னதா எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அப்படி நிற்கிற லூர்களில் முதலிடம் சஸ்பெண்டிங் ஜெர்க்பெயிட்டுக்கு. நீளமான மெல்லிய மீன் வடிவம், முன்னால் சின்ன உதடு. சுண்டினால் பக்கவாட்டில் வெட்டி ஓடும், விட்டால் மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் அதே ஆழத்தில் நிற்கும். அட்டையில் 'சஸ்பெண்டிங்' என்று போட்டிருந்தாலும் எந்தச் சூட்டுத் தண்ணீரில் நிற்கும் என்பதுதான் கேள்வி. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 29 டிகிரி. அதில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 996 கிராம் இருக்கும். 7 டிகிரியில் அதே ஒரு லிட்டர் கிட்டத்தட்ட முழுசாக 1000 கிராம். லிட்டருக்கு 4 கிராம் வித்தியாசம். 14 கிராம் லூருக்கு அது வெறும் 0.05 கிராம் சொச்சம்தான், ஆனால் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் பொருளுக்கு அது போதும், மேலே தூக்கிவிடும்.

இதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. லூரின் உடம்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதுவும் குளிரில் சுருங்கும். 22 டிகிரி இறங்கினால் அதன் கன அளவு அரை சதவீதம் அளவுக்குக் குறையலாம். உடம்பு சுருங்கினால் தள்ளும் தண்ணீரும் குறையும், லூர் கீழே போகப் பார்க்கும். தண்ணீர் மேலே தூக்குகிறது, பிளாஸ்டிக் கீழே இழுக்கிறது. எது ஜெயிக்கும் என்பது லூருக்கு லூர் மாறும். காகிதத்தில் போட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. குளிர்த் தண்ணீரில் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சுங்கை சிப்புட்டில் குளிர்த் தண்ணீருக்கு எங்கே போவது? ஐஸ்தான். மார்க்கெட்டில் மீன் விற்கிற தவ்கேயிடம் ஒரு பை ஐஸும், அவர் தூக்கிப் போட வைத்திருந்த வெள்ளைத் தெர்மோகோல் மீன் பெட்டி ஒன்றும் வாங்கி வந்தேன். கேக் சாமான் கடையில் விற்கிற, குச்சி மாதிரி இருக்கும் சூடுமானி ஒன்று. ஆலையில் ஃபிட்டராக இருந்த காலத்து இடுக்கிகள் வீட்டின் பின்புறம் இருக்கவே இருக்கின்றன.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எல்லாமே இதில்தான் இருக்கிறது. பெட்டியில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஐஸ் போட்டுக் கரண்டியால் நன்றாகக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் மேலே ஒரு சூடும் அடியில் ஒரு சூடுமாக இருக்கும். 7 டிகிரிக்கு வந்ததும் மிச்ச ஐஸ் கட்டிகளை எடுத்துவிட வேண்டும். கட்டி உருகும்போது அதைச் சுற்றி நீரோட்டம் உண்டாகி லூரை ஆட்டும், நிற்கிறதா நகர்கிறதா என்றே தெரியாது. லூரில் ஏரியில் போடப்போகிற அதே முள், அதே வளையம், அதே ஸ்னாப் (லூரை மாட்டும் சின்னக் கொக்கி), ஒரு முழம் ஃப்ளோரோகார்பன் நரம்பு (தூண்டில் இழை) எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். ஃப்ளோரோகார்பன் மூழ்கும் நரம்பு, மூக்கைக் கீழே இழுக்கும். வெறும் லூரை மட்டும் சோதித்தால் அந்த முடிவு ஏரியில் செல்லாது. தண்ணீருக்குள் விட்டதும் விரலால் முள் இடுக்கு, உதட்டின் அடிப்பக்கம் எல்லாம் தடவிவிட வேண்டும். கடுகளவு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலே லூர் மிதக்கும். பிறகு இருபது நிமிடம் அப்படியே விட வேண்டும். உடம்பு முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும்.

அலமாரியில் இருந்த ஜெர்க்பெயிட்டுகளை ஒவ்வொன்றாக இப்படி இறக்கினேன். வாளித் தண்ணீரில் அழகாக நின்ற ஒன்று, ஐஸ் தண்ணீரில் மெதுவாக வால் பக்கமாகத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. அதே அளவில் வேறு கம்பெனியின் லூர் ஒன்று, போட்ட இடத்தை விட்டு நகரவே இல்லை. நான் ஏழிலைப்பாலை மரத்தில், மலாய்க்காரர்கள் புலாய் என்கிற மரத்தில், செதுக்கி எபாக்சி பூசிய லூர் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மேலே வந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. மரம் பிளாஸ்டிக் அளவுக்குக் குளிரில் சுருங்காது. அதனால் தண்ணீர் கனமானதன் பலன் பெரும்பாலும் அதைத் தூக்குவதற்கே போகிறது. மரத்தில் செய்கிறவர்கள் நம் ஊர்ச் சூட்டில் சரிபார்த்துக் குளிர்நாட்டுக்கு அனுப்பினால் அது மிதவைதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

தூக்கிக்கொண்டு வந்தவற்றைச் சரிசெய்ய சோல்டர் கம்பி போதும். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 0.8 மில்லிமீட்டர் கம்பியில் ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டி, முன் மும்முள்ளின் தண்டில் நெருக்கமாகச் சுற்றினேன். சுற்றின பிறகு இடுக்கியால் லேசாக அழுத்திவிட்டால் நழுவாது. எடையைவிட எந்த இடத்தில் சுற்றுகிறோம் என்பதுதான் முக்கியம். வயிற்று முள்ளில் சுற்றினால் லூர் கிடைமட்டமாக இறங்கும், பின் முள்ளில் சுற்றினால் வால் தொங்கும். வால் தொங்கி மூக்கு மேலே பார்க்கிற லூர் எனக்குப் பிடிக்காது. சாகப்போகிற மீன் தலையைக் கீழே தாழ்த்திச் சாய்வது உண்டு. அதனால் எல்லாவற்றையும் மூக்கு கொஞ்சம் கீழே இருக்கும்படியும், பெட்டியின் நடுவிலிருந்து அடிக்குப் போக அரை நிமிடத்துக்கு மேல் ஆகும்படியும் வைத்தேன். முழுசாக நிற்பதைவிட இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் இறங்குவதுதான் குளிரில் நல்லது என்பது என் கட்சி. மேலே ஏறுகிற லூர் மீனை விட்டு விலகிப் போகிறது, இறங்குகிற லூர் அதன் வாய் மட்டத்துக்கே வருகிறது.

சரிசெய்த ஒவ்வொன்றின் உதட்டிலும் மார்க்கர் பேனாவால் '7' என்று எழுதினேன். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றை 12 டிகிரியில் சரிபார்த்து '12' என்று எழுதினேன். மார்ச் மாதத்தில் தண்ணீர் சூடேறத் தொடங்கும்போது அது உதவும்.

அடுத்தது பிளேடு பெயிட். ஜப்பானில் இதை மெட்டல் வைப் என்பார்கள், குளிர்காலத்தில் பிவாவில் இதற்கு நல்ல மரியாதை. மெல்லிய தகடு, வயிற்றில் ஈயம், முதுகில் நரம்பு மாட்டத் துளைகள். தூக்கினால் கை வரைக்கும் துடிப்பு வரும், விட்டால் அடிக்கு இறங்கும். ஃபிட்டருக்கு இது சுலபமான வேலை. 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகட்டில் மீன் வடிவம் வெட்டி, அரத்தால் ஓரம் தேய்த்து, முதுகில் மூன்று துளை போட்டேன். ஈயத்துக்கு டயர் கடையில் கழற்றிப் போடும் பழைய பேலன்ஸ் கட்டிகள். இதில் ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் கட்டிகளில் பல துத்தநாகத்தில் செய்தவை. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். இடுக்கியால் கடித்துப் பாருங்கள், ஈயத்தில் பல் பதியும், துத்தநாகத்தில் பதியாது. உருக்குவது வீட்டுக்கு வெளியே, காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி நின்று, சமையலுக்கு இனி எடுக்கவே எடுக்காத பாத்திரத்தில். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். நம் டிசம்பர் மழையில் எதுவுமே தானாகக் காயாது, அச்சை அடுப்பருகே நன்றாகச் சூடுபடுத்தி, ஆறவிட்டுத்தான் ஊற்றினேன். 10 கிராமில் சிலவும் 14 கிராமில் சிலவும் செய்தேன். நான்கு மீட்டர் ஆழத்துக்கு அது போதும். இதில் நரம்பை நேரடியாகக் கட்டக் கூடாது, தகட்டின் ஓரம் முடிச்சை அறுத்துவிடும், ஸ்னாப் அவசியம்.

மூன்றாவதுதான் எனக்கு மனதுக்கு நெருக்கமானது, இறகு ஜிக். 3.5 கிராம் உருண்டைத் தலை ஜிக்கில், அதாவது ஈயத் தலை வைத்த முள்ளில், இறகு கட்டுவது. ஏன் இறகு என்று பார்க்க மறுபடி ஐஸ் பெட்டிக்கே போனேன். ஒரு ரப்பர் புழுவையும் ஒரு இறகு ஜிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டேன். வாளித் தண்ணீரில் வால் துடிக்கிற அந்தப் புழு, அரை மணி நேரம் ஐஸ் தண்ணீரில் கிடந்த பிறகு விரலால் மடக்கினால் விறைப்பாக நிமிர்ந்தது. மென்பிளாஸ்டிக்கின் மென்மை சூட்டைப் பொறுத்தது. இறகுக்கு அந்தக் கவலை இல்லை. நரம்பைப் பிடித்த என் கை நடுக்கத்துக்கே அதன் நுனிகள் விரிந்து சுருங்கின, மூச்சு விடுகிற மாதிரி. லூர் நகராமல் நிற்கும்போதும் ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருக்க வேண்டும், அதைத் தருவது இறகுதான்.

நல்ல இறகு எது என்றால், வான்கோழி இறகின் அடிப்பாகத்தில் பஞ்சு மாதிரி இருக்குமே, அது. கடையில் மராபூ என்று விற்பதும் பெரும்பாலும் இதுதான். தோட்டத்தில் வான்கோழி வளர்க்கும் ஒருவரிடம் தீபாவளிக்கு அறுத்தபோது வாங்கிவைத்தது என்னிடம் இருந்தது. இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பாச்சை உருண்டை போட்ட டப்பாவில் வைத்தால் பூச்சி பிடிக்காது. கட்டும்போது இறகை நனைத்துக்கொண்டால் பறக்காது, நீளமும் சரியாகத் தெரியும். முள் வளைவைத் தாண்டி ஒரு விரல்கடை நீண்டால் போதும். தையல் பாலியெஸ்டர் நூலால் இறுக்கி, முடிச்சின் மேல் நகப்பூச்சு இரண்டு கோட். நிறைய இறகு வைக்காதீர்கள். கொத்தாக வைத்தால் இறங்காமல் மிதக்கும், நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையவும் அசையாது.

ஆனால் இறகு ஜிக்கை நான் ஜப்பானுக்கு அனுப்பவில்லை. அங்கே விலங்குத் தடுப்புச் சோதனை விதிகளில் கோழி, வான்கோழி இறகுகளும் வருகின்றன. வெறும் ஜிக் தலைகளை மட்டும் வைத்துவிட்டு, வீடியோவில் கட்டும் முறையைக் காட்டி, அங்கேயே கடையில் மராபூ வாங்கிக் கட்டச் சொன்னேன். பையன் முதல் நாளிலேயே என்னைவிட அழகாகக் கட்டினான்.

நிறத்துக்கு நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தெளிந்த தண்ணீருக்கு உள்ளே பார்க்கத் தெரிகிற சாம்பல், வெள்ளி. மழைக்குப் பின் கலங்கியிருந்தால் தங்கம், எலுமிச்சைப் பச்சை. இறகில் கறுப்பும் பழுப்பும். அவ்வளவு போதும். ஜம்ப் ஃபுராக், பஸ்பெயிட், வேகமாக இழுக்க வேண்டிய பெரிய ஸ்பின்னர் எல்லாவற்றையும் எடுத்து இங்கேயே வைத்துக்கொண்டேன். அவன் கேட்டும் தரவில்லை. பெட்டியில் இருந்தால் கை அதற்குத்தான் போகும்.

தபாலில் போடும்போது முட்களை எல்லாம் கழற்றித் தனி டப்பாவில், லூர்களைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்தேன். கூடவே ஒரு காகிதத்தில் எழுதியும் வைத்தேன்: ஜெர்க்பெயிட்டை இரண்டு முறை சுண்டு, நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி விடு, பத்து வரை எண்ணு, கடிக்கவில்லை என்றால் இருபது வரை எண்ணு. பிளேடை முழங்கை உயரம் மட்டும் தூக்கு, நரம்பு தளராமல் கூடவே தடியை இறக்கு, கடி அந்த இறக்கத்தில்தான் வரும். இறகு ஜிக்கை இழுக்கவே இழுக்காதே, தடியை அசையாமல் பிடித்து ரீலை மட்டும் மெதுவாகச் சுற்று.

ஜனவரி கடைசியில் பதில் வந்தது. காலையில் தண்ணீர் 7 டிகிரி சொச்சம் இருந்தபோது, '7' எழுதிய சாம்பல் நிற ஜெர்க்பெயிட்டில், எண்ணிக்கொண்டே நின்றபோது நரம்பு மட்டும் லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்ததாம். இழுப்பே இல்லையாம், ஈரத்துணி மாட்டின மாதிரி கனம் மட்டும்தானாம். தூக்கினால் நல்ல தடித்த பாஸ். பிளேடில் இரண்டு முறை கடி வந்து விட்டுப்போயிருக்கிறது. தகட்டின் பின் முள்ளை ஒரு அளவு சின்னதாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். குளிரில் அரைகுறையாக வாய் வைக்கிற மீனுக்கு மெல்லிய முள்தான் சீக்கிரம் ஏறும்.

பிடித்த மீனை அவன் திரும்ப விடவில்லை. ஷிகா மாநிலத்தில் 2003 முதல் பாஸையும் நீலச்செவுள் மீனையும் ஏரியில் மறுபடி விடக் கூடாது, கரையில் அதற்கென்று சேகரிப்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஏரியின் சொந்த மீன்களைக் காப்பாற்றத்தான் அந்த விதி. அவன் தோலை உரித்துப் பொரித்துச் சாப்பிட்டிருக்கிறான். வாடை தோலில்தான், சதை நன்றாக இருக்கிறது என்கிறான்.

இப்போது மர லூரை மறுபடி எடுத்திருக்கிறேன். இந்த முறை வயிற்று ஈயத்தை நிரந்தரமாக அடைக்காமல், ஒரு திருகைக் கழற்றிச் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளைச் சேர்க்கவோ எடுக்கவோ முடிகிற மாதிரி துளை போடுகிறேன். 7, 12, 18 என்று மூன்று சூட்டுக்கும் எத்தனை குண்டு என்று அவனிடம் ஒரு அட்டவணை கொடுத்துவிட்டால், தண்ணீர் மாற மாற அவனே ஏரிக்கரையில் மாற்றிக்கொள்வான். தவ்கேயிடம் இன்னொரு பை ஐஸ் சொல்லி வைத்திருக்கிறேன்.